வேர் போன வழி

எங்கள் தோப்பில் அடித்தண்டழுகல் நோய் வந்து முதலில் சாறு வடித்தது மோட்டார் கொட்டகையை ஒட்டி நின்ற தென்னை. அதற்கு வடக்கே இருபதடியில் ஒரு மரம், தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று. மூன்றும் நன்றாகவே நின்றன. ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவதாகச் சாறு வடித்த மரம் கிழக்கே அறுபதடி தள்ளி நின்றது. பக்கத்திலிருந்த மூன்றையும் விட்டுவிட்டு இந்த நோய் எப்படி அவ்வளவு தூரம் போனது? அப்பா காற்று என்றார். சித்தப்பா தண்ணீர் என்றார். மரம் ஏற வருகிற அண்ணன், பாளை வெட்டிய அரிவாளைக் கழுவாமல் அடுத்த மரத்தில் ஏறியதால் இருக்குமோ என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார். எனக்கு எதுவும் சமாதானமாகவில்லை. சென்னையில் இருந்த நாட்களில்கூட அந்த அறுபதடி மனதில் நின்றுகொண்டே இருந்தது.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு அடித்தண்டழுகல் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அடிமரத்தில் வெடிப்பு விழுந்து செம்பழுப்பாகச் சாறு கசியும். அடி மட்டைகள் மஞ்சளாகித் துவண்டு தண்டோடு ஒட்டித் தொங்கும். குரும்பை கொட்டும். தண்டு மேலே போகப் போகச் சூம்பும். கடைசியில், சில மரங்களில் அதற்கு முன்பே, தூரை ஒட்டி அரக்குப் பூசியது போல் பளபளவென்று ஒரு காளான் விரியும். கானோடெர்மா என்ற பூஞ்சையின் வித்துடல், அதாவது வித்துகளைப் பரப்பும் பாகம், அது. காளான் வெளியே தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

தஞ்சாவூர்க் கடலோரத் தோப்புகளில் இந்த நோய் முதலில் கவனிக்கப்பட்டது 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு. அதனால்தான் புத்தகங்களிலும் தஞ்சாவூர் வாடல் என்று எங்கள் ஜில்லாப் பெயரிலேயே அது நிற்கிறது. கர்நாடகத்தில் இதையே அணபே ரோகம் என்பார்கள். அணபே என்றால் காளான். அங்கே காளானைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இங்கே ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பெயரைவிட அந்த ஆண்டுதான் முக்கியமாகப் பட்டது. ஒரு புயலுக்குப் பிறகு கண்ணில் பட்ட நோய். எங்கள் தோப்பிலும் அது வந்தது 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா அடித்துப் போன பிறகுதான்.

கஜாவில் எங்கள் ஆறு மா நிலத்தில் 72 மரங்கள் போயின. சில வேரோடு சாய்ந்தன. மற்றவை இடுப்பளவிலும் ஆளுயரத்திலும் முறிந்தன. முறிந்தவற்றைத் தரைமட்டத்துக்கு அறுத்து எடுத்துப் போக ஆள் கிடைப்பதே அந்த நேரத்தில் பெரிய காரியமாக இருந்தது. தூரைத் தோண்டி எடுக்க யாருக்கும் தெம்பும் இல்லை, காசும் இல்லை. ஒவ்வொரு அடிக்கட்டையின் மேலும் நாலு கூடை மண்ணைத் தள்ளி மூடினோம். பக்கத்திலேயே ஒரு முழம் இரண்டு முழம் தள்ளிக் குழி போட்டுப் புதுக்கன்று வைத்தோம். அங்கே மண் பொலபொலவென்று இருந்தது, வாய்க்காலும் ஏற்கெனவே ஓடியது. கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும் என்று அப்பா சொன்னார். பிடிக்கவும் செய்தது.

முதல் மரத்துக்கும் இரண்டாவது மரத்துக்கும் நடுவில் அப்படி மண்ணால் மூடிய இரண்டு தூர்கள் இருந்தன. நாங்கள் எல்லோரும் அதைத் தினமும் மிதித்துக்கொண்டுதான் நடந்தோம்.

அகழி

2022 ஆனியில், முதல் மரத்தைச் சுற்றி அகழி வெட்டச் சொன்னார்கள். நோய்ப்பட்ட மரத்தைச் சுற்றி வட்டமாகக் குழி வெட்டி, அதன் வேரும் பக்கத்து மரத்தின் வேரும் தொடாதபடி பிரிப்பது. வெகுகாலமாகச் சொல்லப்படும் யோசனைதான் இது. இதோடு மரத்துக்கு வருடம் ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீத போர்டோக் கலவை நாற்பது லிட்டர் தூரைச் சுற்றி ஊற்றுவது, ஆரியோபஞ்சின் என்ற பூஞ்சைக்கொல்லியும் மயில்துத்தமும் கரைத்த நூறு மில்லித் தண்ணீரை வேர் வழியாக ஏற்றுவது என்று ஒரு முழு வைத்தியமே உண்டு. வேர் வழியாக மருந்து ஏற்றுவதை முதல் முறை பார்த்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. பென்சில் கனத்தில் செம்பழுப்பாக உயிரோடு இருக்கும் ஒரு வேரைத் தேடி, நுனியைச் சரிவாகச் சீவி, மருந்துப் பையில் விட்டுக் கட்டிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் பை காலி. குழந்தை பால் குடித்து முடித்த சங்கைப் போல அந்தப் பை வெறுமையாய்க் கிடந்தது.

எங்கள் மரத்தில் வேலை செய்யக்கூடிய வேரைத் தேடுவதே கஷ்டமாகிவிட்டது. தோண்டிய இடத்திலெல்லாம் நிறம் மாறி, அழுத்தினால் தோல் தனியாக வழுகி வருகிற வேர்கள். மரத்தின் தலையில் அப்போதும் இருபது மட்டைக்கு மேல் பச்சையாக இருந்தன, மூன்று குலைகள் தொங்கின. கீழே பாதி வேர் போயிருந்தது. தண்டில் சாறு கசிந்ததைப் பார்த்து நோய் வந்துவிட்டது என்று நாங்கள் சொன்னோமே, அது வந்து பல காலம் ஆகியிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அகழியை மூன்றடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் தெற்குத் தெரு அண்ணன் ஒருவர் இரண்டு நாளில் வெட்டி முடித்தார். அந்தச் சுவரைப் பார்த்தவர்களுக்குத்தான் தென்னை வேர் என்றால் என்னவென்று தெரியும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் சல்லி வேர்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே கனம், விரல் கனத்துக்கு மேல் பருக்காமல் நீண்டுகொண்டே போகும். வயசானால் பழசு சாகும், தூரிலிருந்து புதுசு கிளம்பும். முக்கால் பங்கு வேர்கள் மரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள்ளேயே நின்றுவிடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். வட்டப் பாத்தியை ஆறடி ஆரத்தில் போடச் சொல்வதும் அந்தக் கணக்கில்தான். மீதிக் கால் பங்கு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் அகழியின் மேற்குச் சுவரில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிழக்குச் சுவரில், அதாவது வாய்க்கால் ஓடுகிற பக்கத்தில், துடைப்பத்தை வெட்டி வைத்தது போல் நெருக்கமாக இருந்தன.

அதைப் பார்த்தேன். பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. தண்ணீர் இருக்கிற பக்கம் வேர் போகத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

அகழியைத் திறந்தே வைத்திருக்கச் சொன்னார்கள். ஆனால் மழை வந்தால் ஓரம் சரிகிறது, மாடு கால் தவறுகிறது, ராத்திரி மோட்டார் போடப் போகிற அப்பா விழுந்துவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். சித்தப்பா ஒரு வழி சொன்னார். உரித்த தேங்காய் மட்டையை உள்ளே அடுக்கி மூடிவிடலாம், கோடையில் ஈரமும் நிற்கும், குழியும் தூராது. எங்கள் பக்கம் மட்டை புதைப்பது எல்லோரும் செய்கிற காரியம், மணற்பாங்கான மண்ணுக்கு நல்ல காரியமும்கூட. யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. இரண்டு டிராக்டர் மட்டை போட்டு மூடினோம்.

தூர் கிளம்பிய நாள்

2023 பங்குனியில் இரண்டாவது மரம் வடித்தது. முதல் மரத்தை அந்த வருஷமே அறுத்துவிட்டோம், தூரை அகழிக்குள் விட்டுவிட்டு. 2024 ஆடியில் மூன்றாவது மரம். வாய்க்காலிலிருந்து தெற்கே பிரிகிற மடைப் பாத்தியில் நின்ற மரம். இந்த முறை அப்பா உட்கார்ந்துவிட்டார். "மூணாவதும் போனா தோப்பே போயிரும் தம்பி. என்ன செலவானாலும் சரி, நீ மிஷினக் கூப்புடு" என்றார். ஆவணி பிறந்த வாரத்தில் ஜேசிபி வந்தது.

மூன்றாவது மரத்தைச் சாய்த்துத் தூரைக் கிளப்புவதுதான் திட்டம். அது கிளம்பி வந்தபோது வடக்குப் பக்கத்து வேர்கள் மட்டும் எதையோ பற்றிக்கொண்டு வந்தன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பார்த்தோம். கஜாவில் முறிந்து, நாங்கள் மண் போட்டு மூடிய தூரிலிருந்து நீண்டு செத்துக் கிடந்த பழைய வேர்களுக்குள் இந்த மரத்தின் வேர்கள் பின்னிக் கிடந்தன. அந்த வேர்கள் ஒன்றுவிடாமல் பழுப்பு. விரலால் நசுக்கினால் உள்நார் மட்டும் நூலாக நின்றது. தெற்குப் பக்கத்து வேர்கள் அப்போதும் செம்மையாக, முறித்தால் சத்தம் கேட்கிறபடி இருந்தன.

அப்புறம் அந்தப் பழைய தூரையே கிளப்பச் சொன்னோம். இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது என்று நான் நினைத்திருந்தது, வாளியின் பல்லில் ஊறிய பஞ்சு போல் வந்தது. பிளந்தால் உள்ளே காவி நிறம், நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து, காட்டுக் காளான் வாசம். அதில் மேற்கேயிருந்து முதல் மரத்தின் செத்த வேர்கள் நுழைந்திருந்தன. கிழக்கே அடுத்த தூருக்கு அதன் வேர்கள் போயிருந்தன. வடக்கேயிருந்து நாங்கள் ஒரு முழம் தள்ளி வைத்த கன்றின் வேர்கள், ஆறு வருஷத்து இளம் வேர்கள், எருக்குழிக்குள் போவது போல் அந்த மக்கிய கட்டைக்குள் போயிருந்தன.

அந்த அறுபதடிக் கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. முதல் மரம் என்று நாங்கள் மூன்று வருஷமாகச் சொன்னது முதல் மரமே இல்லை. முதலில் நோய் குடியேறியது மண்ணுக்கடியில் நாங்கள் மறந்துபோன அந்தத் தூரில். அதற்கு மேற்கே இருந்த மரமும் கிழக்கே இருந்த மரமும் வாய்க்கால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேர் நீட்டி அதை வந்து தொட்டிருக்கின்றன. மேலேயிருந்து பார்த்த எங்களுக்கு நோய் அறுபதடி தாவியது போல் தெரிந்தது. அது எங்கேயும் தாவவில்லை. மரங்கள்தான் போய்த் தொட்டன.

அன்று சாயங்காலம், வண்டி இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று மட்டை போட்டு மூடிய அகழியையும் திறந்தோம். மட்டை பாதி மக்கியிருந்தது. அதன் நார் முழுக்க வெள்ளை நுனி வேர்கள். தெற்கே நின்ற நல்ல மரத்தின் வேர்கள் அவை. அகழி வெட்டும்போது அறுபட்ட வேர்கள் அறுந்த இடத்துக்குப் பின்னால் இரண்டாகவும் மூன்றாகவும் கிளைத்து, மெத்தென்று ஈரமாக இருந்த மட்டைக்குள் இறங்கி, அகழியின் முழு அகலத்தையும் தாண்டியிருந்தன. சில வேர்கள் எதிர்ச் சுவருக்குள் நாலு விரற்கடை போயிருந்தன. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் மரத்தின் அழுகிய தூர் இருந்தது. பிரிக்க வேண்டும் என்று வெட்டிய குழியை நாங்களே நிரப்பிப் பாலமாக்கியிருந்தோம். சித்தப்பா குனிந்து அந்த வேரைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான்தான், "விடுங்க சித்தப்பா, யாருக்குத் தெரியும்" என்றேன்.

உணவு மூட்டை

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் தோப்பில் கண்ட காட்சியை வேறு மண்ணில் வேறு மரத்தில் முன்பே பலர் பார்த்திருந்தது எனக்கு ஆறுதலாகவும் வருத்தமாகவும் இருந்தது. கேம்பிரிட்ஜில் எஸ். டி. கேரெட் என்ற ஆய்வாளர், வேரைத் தாக்கும் பூஞ்சைகளைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு பூஞ்சை உயிருள்ள வேரை உடைத்து உள்ளே போக வேண்டுமானால் அதன் முதுகுக்குப் பின்னால் போதுமான உணவு இருக்க வேண்டும். வெறும் வித்து ஒன்று வேரின் மேல் விழுவதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மரக்கட்டை ஒன்றைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும் பூஞ்சைதான் அந்தத் தெம்பில் பக்கத்து வேரைத் தாக்கும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் செம்பனை என்ற எண்ணெய்ப்பனைக் கன்றுகளுக்குச் சோதனைக்காகக் கானோடெர்மாவை ஏற்றும்போது, பூஞ்சை நன்றாகப் பிடித்த ரப்பர் மரக்கட்டையை எடுத்துக் கன்றின் வேரோடு ஒட்டிவைத்துப் புதைக்கிறார்கள். கட்டை வேண்டும், வேர் அதைத் தொடவும் வேண்டும். எங்கள் தோப்பில் கஜா கட்டையைக் கொடுத்தது. தொடுகிற வேலையை வாய்க்கால் பார்த்துக்கொண்டது.

அதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ரிஷ்பெத் இங்கிலாந்தின் தெட்ஃபோர்டு பைன் காடுகளில் இதைவிட நுணுக்கமாகப் பார்த்தார். அங்கே வேறு பூஞ்சை. மரங்கள் நெருக்கமில்லாமல் வளர்வதற்காக நடுநடுவே சிலவற்றை வெட்டுவார்கள். வெட்டிய அடிக்கட்டையின் பச்சை முகத்தில் காற்றில் வந்த வித்து விழுந்து முளைக்கும். கட்டையைத் தின்றபடி வேருக்கு இறங்கி, வேர் வேரைத் தொடுகிற இடத்தில் உயிர் மரத்துக்கு மாறும். அவர் கண்ட வழி எளிமையானது. வெட்டியவுடனே அந்தக் கட்டையின் முகத்தில் தீங்கில்லாத வேறொரு பூஞ்சையைத் தடவி, அதை முதலில் குடியேற்றிவிடுவது. பிறகு வருகிறவனுக்கு இடமில்லை. 2018 நவம்பரில் எங்கள் ஜில்லா முழுக்க முறிந்து கிடந்த தூர்களை நினைத்தபடியே இதைப் படித்தேன். நெஞ்சு அடைத்துக்கொண்டது. நிவாரணம், கணக்கெடுப்பு, கன்று மானியம் என்று எல்லாம் பேசினோம். கட்டையைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான்.

தேயிலைத் தோட்டங்களில் நிழல் மரத்தை வெட்டுவதற்கு வெகுநாள் முன்பே அடிப்பட்டையை வளையமாக உரித்துவிடும் பழக்கம் உண்டு. இலையிலிருந்து வேருக்குப் போகும் சர்க்கரைச் சத்து நின்றுபோய், வேர் தன்னிடம் இருப்பதைச் செலவழித்துத் தீர்த்துவிடும். பிறகு மரத்தை வெட்டினால் பூஞ்சைக்கு மிஞ்சுவது சத்தற்ற கட்டை. 1930களில் ஆப்பிரிக்காவின் நியாசாலாந்தில், இன்றைய மலாவியில், லீச் என்பவர் ஆய்ந்து சொன்ன வழி இது. படித்தவுடன் தென்னைக்கும் செய்யலாமே என்று துள்ளினேன். முடியாது. தென்னைக்கு உரிக்கிற மாதிரிப் பட்டை இல்லை. சத்து போகும் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. தென்னைத் தூரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும், வேறு குறுக்கு வழியே கிடையாது.

எல்லாமே வேர் தொட்டுத்தான் பரவுகிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. செம்பனைத் தோட்டங்களில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் இருந்த கானோடெர்மாவின் மரபைச் சோதித்தபோது, பல இடங்களில் அவை ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. ஒரே பூஞ்சை வேர் வழியே மரத்துக்கு மரம் போயிருந்தால் அப்படி இருக்காது. வித்துகளுக்கும் பங்கு உண்டு. எங்கள் தோப்பின் முதல் தூரில் அது வந்து உட்கார்ந்ததும் காற்றில் வந்த வித்தால் இருக்கலாம். அப்பா சொன்ன காற்றும் முழுக்கத் தப்பில்லை. ஆனால் காற்றை என்னால் தடுக்க முடியாது. வேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கை உண்டு.

வேர் நிறைய இருந்தால்

இங்கேதான் எனக்கு ஒரு பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. வேர் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். உரக்கடையில் விற்கிற பாதி டப்பாவில் வெள்ளை வேர் படம்தான் இருக்கும். முதல் மரம் வடித்தபோது ஒரு கடையில், இதை ஊற்றுங்கள், புது வேர் கிளம்பி மரம் தேறிவிடும் என்று ஒரு திரவத்தைக் கொடுத்தார்கள். அப்பா அதை வாய்க்கால் தண்ணீரோடு கலந்து விட்டார். வேர் கிளம்பியிருக்கும். வாய்க்கால் ஓரமாகவே, தூர் இருந்த பக்கமாகவே கிளம்பியிருக்கும்.

கோதுமையில் வேரைக் கருக்கிக் கொல்லும் ஒரு நோய் உண்டு. அதைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் கிறிஸ் கில்லிகனும் அவரோடு வேலை செய்தவர்களும் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் கணக்கில் வேர் சும்மா அடி வாங்கிக்கொண்டு நிற்கிற பொருள் இல்லை. வளர்ந்துகொண்டே இருக்கும் வேர், மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் பூஞ்சைத் துணுக்கைப் போய்ச் சந்திப்பது முதல் கட்டம். நோய்ப்பட்ட வேரிலிருந்து பக்கத்து வேருக்குப் போவது இரண்டாவது கட்டம். பயிர் சின்னதாக இருக்கும்போது வேர்கள் தள்ளித் தள்ளி இருக்கும், இரண்டாவது கட்டத்துக்கு வழி குறைவு. வேர் பெருகப் பெருக ஒன்றுக்கொன்று நெருங்கும், நோய் வேகமெடுக்கும். இன்னொன்றும் சொன்னார்கள். கொஞ்சமாக நோய் பட்ட செடி, இழந்ததை ஈடுகட்டப் புது வேர் அதிகமாக விடும். அந்தப் புது வேர் செடியைக் காப்பாற்றவும் செய்யும், நோய்க்குப் புதுத் தீனியாகவும் ஆகும். எது முந்துகிறது என்பது ஓட்டம்தான்.

மற்றொரு மண் பூஞ்சையை வைத்து அதே குழுவினர் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உணவுப் பொட்டுகளைக் கோலப் புள்ளி மாதிரி வரிசையாக வைத்து, ஒன்றில் பூஞ்சையை விட்டார்கள். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் கோலம் முழுக்கப் பரவுகிறது. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பரவலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட இடைவெளி வரை பரவுகிறது. அதைத் தாண்டினால் சட்டென்று நின்றுவிடுகிறது, நாலைந்து புள்ளிகளோடு அடங்கிவிடுகிறது. மார்கழியில் அம்மா வைக்கிற புள்ளிக் கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் தாத்தா இருபதடிக்கு ஒரு மரம் வைத்தார். இருபத்தைந்து அடி விடச் சொல்கிறார்கள், ஹெக்டேருக்கு 175 மரம். அந்த ஐந்தடியை வீணாகப் போகிற நிலம் என்று எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நினைத்தோம். இருபதடியில் இரண்டு பக்கத்திலிருந்தும் பத்தடி நீண்டால் வேர்கள் கைகோத்துக்கொள்ளும். அதிலும் இருவருக்கும் நடுவில் வாய்க்கால் ஓடினால் கேட்கவே வேண்டாம். வாய்க்காலில் பாய்ச்சாதே, நோய்ப்பட்ட மரத்துத் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது, தனித்தனிப் பாத்தியாகப் பாய்ச்சு, முடிந்தால் சொட்டுநீர் போடு என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். அதைத் தண்ணீர் நோயைச் சுமந்து போகும் என்ற பயமாக மட்டுமே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வேரையும் கூட்டிக்கொண்டு போகிறது.

இப்போது

2024 ஐப்பசிக்குள் தோப்பில் ஞாபகம் இருந்த தூர்களையெல்லாம் தோண்டினோம். 72இல் 31 ஏற்கெனவே வேரோடு சாய்ந்து போனவை. மீதி 41இல் 38 கிடைத்தன. ஒன்பதில் அந்தக் காவி நிறமும் வெள்ளைப் படலமும் இருந்தன. தோண்டியதை வெயிலில் போட்டு, காய்ந்த பிறகு எரித்தோம். மூன்று தூர்கள் எங்கே இருக்கின்றன என்று இன்னும் பிடிபடவில்லை. அம்மா ஒன்றை மாட்டுக்கொட்டகைக்கு அடியில் என்கிறார்.

முதல் மரத்து அகழியிலிருந்து மட்டையை முழுக்க வாரி வெளியே போட்டோம். அகழியை அகலமாக்கினோம். தெற்கே நின்ற அந்த நல்ல மரத்தின் வேர் போயிருந்த எதிர்ச் சுவரையும் சேர்த்து வெட்டினோம். சுற்றிலும் மூங்கில் வேலி. உள்ளே இருந்த தூரையும் எடுத்தாயிற்று. எப்படியும் அகழியை வருடத்துக்கு ஒரு தடவை ஆடியில் இறங்கிப் பார்ப்பது, நீட்டியதை வெட்டுவது என்று முடிவு. வாய்க்காலை மூடிவிட்டுச் சொட்டுநீர் போட்டோம். வேப்பம்புண்ணாக்கும், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரமும் தூரை ஒட்டிய ஆறடிக்குள் மட்டும். தின்ன வேண்டியது பக்கத்திலேயே இருந்தால் வேரும் பக்கத்திலேயே நிற்கும் என்பது என் எண்ணம். நடுவில் வாழை வைக்கச் சொல்கிறார்கள், தஞ்சாவூர் வாடல் வந்த தோப்புகளில் பழக்கமான யோசனை அது. முதல் வரிசைக்கு மொந்தன் வைத்திருக்கிறோம்.

என் மனது இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் கன்றில்தான். பழைய தூருக்கு ஒரு முழம் வடக்கே நாங்களே குழி பறித்து வைத்தது. கன்று என்று சொல்லக் கூடாது, மரமாகிவிட்டது. தூரைக் கிளப்பிய அன்று அதன் தெற்குப் பக்கத்து வேர்களில் பழுத்ததையும் நசிந்ததையும் நல்ல வேர் தெரிகிற வரைக்கும் வெட்டினோம். அதையும் பிடுங்கிவிடச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. "அது நம்ம வச்ச எடத்துலதானே நின்னுச்சு" என்று மட்டும் சொன்னார்.

சொட்டுக் குழாய் போட்டபோது மரத்தைச் சுற்றி வளையமாக நாலு சொட்டு வைக்க வந்தவர்களிடம், இந்த மரத்துக்கு மட்டும் நாலையும் வடக்கே வைக்கச் சொன்னார். புண்ணாக்கும் வடக்கேதான் புதைத்தார். தெற்கே, தூர் கிடந்த பள்ளத்தில் வெறும் மணல், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. 2025 தையில் அதில் முதல் பாளை வெடித்தது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் முதலில் அந்த மரத்தடியில் உட்கார்ந்து அடித்தண்டைச் சுற்றிலும் கையால் தடவிப் பார்க்கிறேன். போன வாரம் வரைக்கும் கை காய்ந்தே வந்தது.